மேசையின் இரு பக்கமும்: தொண்டு நிறுவன வேலைக்கும் நிதி நல்கும் வேலைக்கும் வர விரும்புவோருக்கு

2005 பிப்ரவரியில் நாகப்பட்டினத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். சுனாமி வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்த எனக்கு மாதம் 3,500 ரூபாய் சம்பளம். முதல் நாள் என் முன்னால் ஒரு சாக்குப்பையைக் கவிழ்த்தார்கள். டீசல் பில், தார்ப்பாய் பில், லாரி வாடகைக்காக சிகரெட் அட்டையின் பின்புறம் போட்டுக் கொடுத்த கையெழுத்து, எல்லாம் கலந்து கிடந்தன. எங்கள் கணக்கர் கூட்டுறவு வங்கியில் ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு சீட்டையும் எடுத்து, "இது யாருக்குப் போனது?" என்று கேட்பார். தொகையைப் பிறகுதான் பார்ப்பார். பதில் தெரியாத சீட்டை எடுத்துக்கொண்டு நான் பஸ் ஏறி அந்தக் குப்பத்துக்கே போய், தார்ப்பாய் வாங்கியவர்களைத் தேடிக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அந்த அலைச்சலில்தான் இந்தத் தொழிலைக் கற்றேன்.

பதினான்கு ஆண்டுகள் பணம் கேட்கும் பக்கம் இருந்தேன். 2019 முதல் சென்னையில் ஒரு அறக்கட்டளையில் பணம் தரும் பக்கம் இருக்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது தொலைபேசியில் கேட்கிறார்கள்: "மேடம், இந்தத் துறைக்கு எப்படி வருவது?" அவர்களிடம் அரை மணி நேரத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை எந்தப் பக்கம்?

பணம் கேட்கும் பக்கம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. நல்ல கல்லூரியில் படித்துவிட்டு நேராக ஒரு பெரிய கம்பெனியின் சி.எஸ்.ஆர். என்னும் சமூகப் பொறுப்புப் பிரிவிலோ, அறக்கட்டளையிலோ சேரும் வாய்ப்பு இன்று இருக்கிறது. சம்பளமும் அங்கே அதிகம். ஆனாலும் மூன்று ஆண்டாவது களத்தில் இருந்துவிட்டுப் போங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஏனென்றால் தவணைப் பணம் தாமதமானால் என்ன நடக்கும் என்பதை, அந்தத் தாமதத்தில் மாட்டிக்கொண்டவரால் மட்டுமே உணர முடியும்.

ஒரு முறை எங்களுக்கு நிதி தந்துகொண்டிருந்த அமைப்பு இரண்டாம் தவணையை நான்கு மாதம் இழுத்துவிட்டது. அறிக்கையில் ஒரு அட்டவணையின் வடிவம் சரியில்லை என்பதுதான் காரணம். தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. களப்பணியாளர்கள் பதினோரு பேருக்குச் சம்பளம் இல்லை. எங்கள் ஒருங்கிணைப்பாளர் அக்கா தன் இரண்டு வளையல்களை அடகு வைத்து ஆளுக்கு 2,000 ரூபாய் கொடுத்தார். அந்த அட்டவணையைத் திருத்த எனக்கு இருபது நிமிடம் பிடித்தது. அதைத் திருத்தும்படி அந்த அமைப்பில் யாராவது ஒரு வரி எழுதியிருந்தால் போதும். இன்று நான் தவணை விடுவிக்கும் இடத்தில் இருக்கிறேன். அறிக்கையில் குறை இருந்தால் மூன்று வேலை நாளுக்குள் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும் என்று எங்கள் பிரிவில் விதி வைத்திருக்கிறேன்.

தொண்டு நிறுவனத்தில் நுழைய மூன்று வாசல்கள் எனக்குத் தெரியும். களப்பணியாளராகச் சேர்ந்து ஒருங்கிணைப்பாளர், திட்ட மேலாளர் என்று உயர்வது முதல் வழி. அறிக்கை எழுதுவது, தரவு சேகரிப்பது, திட்டம் சரியாகப் போகிறதா என்று கண்காணிப்பது இரண்டாவது. மூன்றாவது, நான் வந்த வழி: கணக்கு. இந்த மூன்றாவது வாசலில்தான் கூட்டமே இல்லை. வணிகவியல் படித்தவர்கள் இதெல்லாம் சமூகப்பணி படித்தவர்களுக்கானது என்று ஒதுங்கிப் போகிறார்கள். ஆனால் திட்டத்தையும் புரிந்துகொண்டு, தணிக்கையாளர் முன்னால் கோப்பையும் விரித்து வைக்கத் தெரிந்த ஒருவரைத் தேடி நிறுவனங்கள் தவிக்கின்றன.

எங்கே படிக்கலாம்?

பட்டம் கட்டாயமா என்றால், தொடங்குவதற்குக் கட்டாயம் இல்லை. மேலே போகும்போது உதவும். சமூகப்பணி முதுகலைக்கு மும்பையில் 1936-இல் தொடங்கிய டாடா சமூக அறிவியல் நிறுவனம் பழம்பெரும் இடம். சென்னையில் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய மெட்ராஸ் சமூகப்பணிக் கல்லூரி இருக்கிறது. லயோலாவிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் இதே படிப்பு உண்டு. கிராமத்தை விட்டு விலகாமல் படிக்க வேண்டுமென்றால் திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமம். மேலாண்மை நாட்டம் உள்ளவர்களுக்கு குஜராத்தின் ஆனந்தில் 1979-இல் வர்கீஸ் குரியன் உருவாக்கிய ஊரக மேலாண்மை நிறுவனமும், மதுரையில் தானம் அறக்கட்டளை நடத்தும் வளர்ச்சி மேலாண்மைப் படிப்பும் பொருந்தும். பெங்களூரு அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணச் சலுகை தருகிறார்கள். பணம் இல்லையே என்று விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

படிப்புக்கு முன்பு இந்த வாழ்க்கை நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க உதவித்தொகையோடு கூடிய களப்பணித் திட்டங்கள் இருக்கின்றன. பாரத ஸ்டேட் வங்கியின் 'யூத் ஃபார் இந்தியா' 13 மாதம். 'டீச் ஃபார் இந்தியா' இரண்டு ஆண்டு, சென்னையிலும் நடக்கிறது. இவற்றில் இருந்து வந்தவர்களின் விண்ணப்பத்தை நான் ஒரு நிமிடம் கூடுதலாகப் படிப்பேன். சொந்த ஊரில் ஒரு சுயஉதவிக் குழுக் கூட்டமைப்பின் கணக்கை மூன்று ஆண்டு எழுதிய பெண்ணின் விண்ணப்பத்தை ஐந்து நிமிடம் கூடுதலாகப் படிப்பேன்.

பணம் எங்கிருந்து வருகிறது, எந்த நிபந்தனையோடு வருகிறது

நேர்முகத் தேர்வுக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் பணம் அரசிடமிருந்தும், வெளிநாட்டிலிருந்தும், கம்பெனிகளிடமிருந்தும், தனி மனிதர்களிடமிருந்தும் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனிக் கோப்பு.

கம்பெனிப் பணத்தை முதலில் புரிந்துகொள்ளுங்கள். இன்று புதிய வேலைகள் அதிகம் வருவது அங்கிருந்துதான். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எதற்கெல்லாம் செலவிடலாம் என்பது அந்தச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. அந்த ஒரு பக்கத்தை மனப்பாடம் ஆகும்வரை படியுங்கள். தான் இயங்கும் பகுதிக்குக் கம்பெனி முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்வதால், தொழிற்சாலை இருக்கும் ஊர்களைச் சுற்றியே பணம் சேர்வதை நான் பார்க்கிறேன். ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் ஒரே பள்ளிக்கு இரண்டு கம்பெனிகள் கழிப்பறை கட்டிக் கொடுக்க வரும். வேதாரண்யம் பக்கத்துப் பள்ளிக்கு ஆள் தேட வேண்டியிருக்கும். வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் தூரத்து மாவட்டத்துக்காகக் குழுக் கூட்டத்தில் வாதாடுங்கள்.

2021-இல் விதிகள் இறுகின. கம்பெனியின் நிதியைப் பெற்று வேலை செய்யும் அமைப்பு சி.எஸ்.ஆர்.-1 என்ற படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வெளி அமைப்பு என்றால் குறைந்தது மூன்று ஆண்டு அதே மாதிரியான வேலை செய்த அனுபவம் வேண்டும். ஆகவே, 'நாமே ஒரு அறக்கட்டளை தொடங்கிவிடுவோம், கம்பெனிகள் தரும்' என்று நினைக்கிறவர்கள், அந்த மூன்று ஆண்டு எதை வைத்து நடத்துவது என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

வெளிநாட்டுப் பணத்துக்கு 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம். துறையில் எல்லோரும் எஃப்.சி.ஆர்.ஏ. என்றுதான் சொல்வார்கள். 2020-இல் வந்த திருத்தம் மூன்று இடங்களில் அழுத்தியது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துத் தருவது தடை செய்யப்பட்டது. பணம் முதலில் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். இரண்டாவதுதான் எனக்குப் பெரும் வருத்தம் தந்தது. பெரிய நிறுவனம் ஒன்று பணம் பெற்று, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரியாத பத்துச் சிறு அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்துக் கைபிடித்து நடத்திச் செல்லும் முறை அதோடு நின்றது.

நிறுவனத்தின் வரி விலக்குக்கான 12ஏ, நன்கொடையாளரின் வரிச் சலுகைக்கான 80ஜி ஆகிய இரண்டும் துறையின் அன்றாடச் சொற்கள். இவை 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் பிரிவு எண்கள். 2025-இல் இயற்றிய புதிய சட்டம் 2026 ஏப்ரல் முதல் அதன் இடத்துக்கு வருவதால், பழைய பெயரையும் புதிய எண்ணையும் சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள்.

செலவுத் திட்டம் போடக் கற்றுக்கொள்ளுங்கள்

நிதி கேட்டு ஒரு முன்மொழிவு கையில் வந்தால் நான் கடைசிப் பக்கத்தில் இருக்கும் செலவுத் திட்டத்தைத்தான் முதலில் திறப்பேன். நோக்கம், பின்னணி எல்லாம் எல்லோரும் அழகாக எழுதிவிடுகிறார்கள். வேலையை உண்மையிலேயே மனதில் நடத்திப் பார்த்தவரா என்பதை எண்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

இருபது கிராமங்களில் மாலை நேரப் படிப்பு மையம் என்று வைத்துக்கொள்வோம். மையத்துக்கு ஒரு ஆசிரியர், மாதம் 3,000 ரூபாய் மதிப்பூதியம்: ஆண்டுக்கு 7,20,000. பாடப் பொருள்கள் மையத்துக்கு 6,000 வீதம் 1,20,000. புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்தி, 8,40,000 ரூபாய் என்று கேட்பார்கள். இருபது மையத்தையும் யார் போய்ப் பார்ப்பது? ஆளுக்குப் பத்து மையம் வீதம் இரண்டு மேற்பார்வையாளர்கள், மாதம் 18,000 சம்பளம்: 4,32,000. அவர்களுக்குப் பெட்ரோல் மாதம் 3,500 வீதம் 84,000. பகுதி நேரக் கணக்கருக்கு மாதம் 8,000 வீதம் 96,000. அலுவலக வாடகையில் இந்தத் திட்டத்தின் பங்கு மாதம் 4,000 வீதம் 48,000. ஆடிட்டருக்கு 20,000. இப்போது மொத்தம் 15,20,000. கடைசி மூன்று வரிகள் மட்டும்தான் நிர்வாகச் செலவு. அது 1,64,000, அதாவது ஏறக்குறைய 11 சதவீதம்.

இந்த 11 சதவீதத்தைக் கேட்கப் பலர் கூசுகிறார்கள். 'சேவைக்கு வந்துவிட்டு வாடகை கேட்கலாமா' என்ற கூச்சம் அது. நானும் பல ஆண்டு கூசியவள். அதனால் என்ன ஆகிறது என்றால், கணக்கரை வைக்க முடியாமல் கணக்கு தாறுமாறாகிறது, பிறகு அதே நிதி நல்கும் அமைப்பு 'கணக்குச் சரியில்லை' என்று கைவிடுகிறது. ஆகவே கேளுங்கள். பணம் தரும் பக்கம் இருந்தால், கேட்காதவர்களிடம் 'இதை ஏன் சேர்க்கவில்லை' என்று நீங்களே கேளுங்கள்.

இங்கே ஒரு தவறான புரிதலைச் சொல்லியாக வேண்டும். 'சட்டப்படி நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் தர முடியாது' என்று சில கம்பெனி அதிகாரிகள் தொண்டு நிறுவனங்களிடம் சொல்கிறார்கள். சி.எஸ்.ஆர். விதியில் உள்ள 5 சதவீத வரம்பு, கம்பெனி தன் சொந்த சி.எஸ்.ஆர். பிரிவை நடத்த ஆகும் பொது நிர்வாகச் செலவுக்கானது. களத்தில் வேலை செய்யும் அமைப்பின் செலவுக்கு அது வைத்த வரம்பு இல்லை. மத்தியக் கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட கேள்வி பதில் சுற்றறிக்கையை அச்செடுத்துக் கைப்பையில் வைத்திருங்கள். நான் இரண்டு கூட்டங்களில் அதை எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன்.

பணம் தரும் பக்கம் வந்த பிறகு

நாகப்பட்டினத்துக்கே திரும்பிப் போகிறேன். சுனாமிக்குப் பிறகு எல்லோரும் படகு கொடுக்க முன்வந்தார்கள். ஃபைபர் படகின் பக்கவாட்டில் நிறுவனத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதலாம். கரையில் வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கலாம். முன்பு இருந்ததைவிட அதிகமான படகுகள் கரைக்கு வந்து சேர்ந்தன. கூலிக்குப் படகேறியவர்களும் படகுக்காரர் ஆனதால் கடலுக்குப் போகத் துணை ஆள் கிடைக்காமல் பல படகுகள் மணலில் கிடந்ததை நானே பார்த்தேன். அதே நாள்களில், தலைச்சுமையாக மீன் விற்ற பெண்களின் கூடையும் தராசும் முதலும் போயிருந்தன. உப்புநீர் புகுந்த வயல்களில் கூலி வேலை இழந்த தலித் குடும்பங்கள் பட்டியலிலேயே இல்லை. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் ஸ்நேகா என்ற தொண்டு நிறுவனமும் முன்னின்று மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஒருங்கிணைப்பு மையம் நடத்தின. யார் எங்கே என்ன கொடுக்கிறார்கள் என்று ஊர் ஊராகப் பட்டியல் போட்டதால்தான் இந்த இடைவெளிகள் வெளிச்சத்துக்கு வந்தன.

ஆகவே ஒரு முன்மொழிவு வந்ததும், அதே ஊரில் அதே வேலைக்கு வேறு யார் பணம் தருகிறார்கள் என்று விசாரியுங்கள். மற்றக் கம்பெனிகள் எந்த மாவட்டத்தில் எதற்குச் செலவிட்டன என்பதை அரசின் தேசிய சி.எஸ்.ஆர். இணையதளத்தில் பார்க்கலாம். பிறகு அந்த ஊரில், அந்தத் திட்டத்தால் எதுவும் கிடைக்காதவர்கள் யார் என்று விண்ணப்பித்தவரிடமே கேளுங்கள். நல்ல களப்பணியாளர் தயங்காமல் பதில் சொல்வார். அவருக்கு அவர்களையும் தெரியும்.

கோப்புச் சரிபார்ப்பு சலிப்பான வேலைதான், ஆனால் தப்பிக்க முடியாது. சங்கமா, அறக்கட்டளையா, கம்பெனிச் சட்டத்தின் 8-ஆவது பிரிவின்கீழ் வந்த நிறுவனமா என்று பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை, அறங்காவலர் பட்டியல், ஒரே குடும்பத்தார் எத்தனை பேர், காசோலையில் கையெழுத்திடுகிறவர்கள் யார் என்று பாருங்கள். தணிக்கை அறிக்கையில் நிறுவனத்தின் கையிருப்புப் பணம் ஆண்டு முடிவில் மிக அதிகமாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

நேரில் போகும்போது இரண்டு பழக்கம் வைத்திருக்கிறேன். என்னை வரவேற்கக் குழந்தைகளை வெயிலில் நிறுத்த வேண்டாம், சால்வை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவிடுவேன். போன பிறகு, காட்டுகிற மையத்தைப் பார்த்துவிட்டு, 'பக்கத்து ஊர் மையத்துக்கும் போகலாமா' என்று கேட்பேன். ஒரு முறை அப்படிப் போன பக்கத்து ஊரில் மையம் பூட்டிக் கிடந்தது. மேற்பார்வையாளர் பதறிப் போனார். விசாரித்தால், அந்த ஆசிரியைக்கு முந்தின நாள் பிரசவம். மாற்று ஆள் வைக்கச் செலவுத் திட்டத்தில் இடமே இல்லை. அந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தவள் நான். அடுத்த ஆண்டு முதல் எங்கள் எல்லாத் திட்டங்களிலும் பேறுகால விடுப்புக்கும் மாற்று ஆசிரியருக்கும் ஒரு வரி இருக்கிறது.

ஜனவரி முதல் மார்ச் வரை உங்கள் வீட்டார் உங்களை அதிகம் பார்க்க முடியாது. மார்ச் 31-க்குள் செலவழிக்க வேண்டும் என்று கம்பெனிகள் அவசரப்படும் காலம் அது. அவசரத்தில் கையில் கிடைத்த கட்டடத் திட்டத்துக்குப் பணத்தைத் தள்ளிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். தொடர் திட்டமாக முறையாக அறிவித்திருந்தால், செலவாகாத பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிடச் சட்டம் இடம் தருகிறது. இதை அக்டோபரிலேயே நிதிப் பிரிவுக்கு நினைவூட்டத் தெரிந்தவர்தான் நல்ல திட்ட அலுவலர்.

நேர்முகத் தேர்வு பற்றி ஒன்று. வேலைக்கு விண்ணப்பிக்கும் கம்பெனியின் ஆண்டறிக்கையில் சி.எஸ்.ஆர். இணைப்பு இருக்கும், அதைப் படித்துவிட்டுப் போங்கள். 'ஏழைகளுக்கு உதவ ஆசை' என்று சொல்வதைவிட, 'போன ஆண்டு நீங்கள் நிதி தந்த திட்டத்தில் இந்தச் செலவு எனக்குப் புரியவில்லை' என்று கேட்கிறவரை நான் எடுத்துக்கொள்வேன். சம்பளத்தைக் கூச்சப்படாமல் பேசுங்கள். வருங்கால வைப்புநிதி உண்டா, ஒப்பந்தம் எத்தனை மாதம், திட்டம் முடிந்தால் வேலை என்ன ஆகும் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திட்டத்தோடு வேலையும் முடிந்துபோய், நாற்பது வயதில் மறுபடி தொடக்கத்திலிருந்து தேடிய நல்ல பணியாளர்களை எனக்குத் தெரியும்.

கடைசியாக, இந்த வேலையில் யாரும் கற்றுத் தராதது: மறுப்புக் கடிதம். ஆண்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட முன்மொழிவுகள் எங்களுக்கு வருகின்றன. பதினைந்துக்குத்தான் பணம் இருக்கிறது. மற்றவர்களுக்கு 'வருந்துகிறோம்' என்று ஒரே அச்சு வாசகத்தை அனுப்பிவிடாதீர்கள். பதில் வராத விண்ணப்பத்துக்காக நான் ஆறு மாதம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். முடிவு எடுத்த வாரமே எழுதுங்கள், தமிழில் விண்ணப்பித்தவருக்குத் தமிழில். எந்தக் காரணத்தால் இந்த முறை தர முடியவில்லை என்று ஒரு வரி, செலவுத் திட்டத்தில் எதைத் திருத்தினால் நல்லது என்று ஒரு வரி, இந்த வேலைக்குப் பணம் தரக்கூடிய வேறு யாரையாவது தெரிந்தால் அந்தப் பெயர் ஒரு வரி. கீழே உங்கள் நேரடித் தொலைபேசி எண்ணைப் போடுங்கள். கூப்பிடுவார்கள், எடுத்துப் பேசுங்கள்.